தனிச்சீர்

என் கணவர் எனக்கு எழுதிய முதல் வெண்பாவில் காதல் இல்லை. கஞ்சி இருந்தது.

கஞ்சி குடித்தேன் கசக்குது நாக்கெல்லாம்
பஞ்சுப் படுக்கை பனிக்கட்டி – அஞ்சுகம்
நீயடைத்த பல்மட்டும் நித்தம் வலிக்குதடி
வாயடைக்க ஏதுவழி சொல்

அஞ்சுகம் என்பது நான். துறையூரில் பல் மருத்துவர். இதை எழுதிய மருதையன் அப்போது செவ்வாயைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். கப்பல் ஏறுவதற்கு முந்தின வாரம் அவருடைய கீழ்க்கடைவாய்ப் பல்லை அடைத்துவிட்டது நான்தான். நான் அடைத்த பல்லைப் பற்றி வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் கிளினிக் வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டேன். இவரை என்ன செய்வது? திட்டுவதற்குக்கூட எதுகை தேட வேண்டியிருந்தது.

பூமியில் இருந்தவரை அவர் போர்வெல் போடுகிறவர். நல்ல கைராசிக்காரர் என்று பெயர் வாங்கியவர்தான். ஆனால் கடைசி வருஷங்களில் எங்கள் பக்கத்தில் எங்கே துளை போட்டாலும் புழுதிதான் கிளம்பியது. குழாய் வாயிலிருந்து வெள்ளையாகப் புகைந்துகொண்டு மண் வரும். சுற்றி நிற்கிற குடும்பம் புழுதியைப் பார்க்காது, இவர் முகத்தைப் பார்க்கும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். அப்படிப்பட்ட மனுஷரிடம், சூரியனை விட்டு வெகுதூரத்தில் பனியாலேயே ஆன ஒரு கோளம் இருக்கிறது, அதில் துளை போட அனுபவமுள்ள ஆள் தேவை என்று சொன்னால் என்ன ஆகும்?

“அஞ்சுகம், எங்க தோண்டினாலும் தண்ணியா இருக்கிற ஊரு ஒண்ணு இருக்குதாம்டி” என்றார். சின்னப் பிள்ளைக்கு மிட்டாய்க் கடையைக் காட்டியதுபோல் இருந்தது முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு போகாதீங்க என்று எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை.

கப்பலுக்கு ‘நாவாய்’ என்று பெயர். நாவாய் என்றாலும் கப்பல்தான். இதற்கு ஒரு குழு உட்கார்ந்து யோசித்ததாம்.

கப்பல் புறப்பட்ட மாதத்திலேயே குடும்பத்தாரையெல்லாம் துறையூர் கல்யாண மண்டபம் ஒன்றுக்கு வரவழைத்தார்கள். பச்சைமலை மேலே இருக்கும் நிலையத்தில் கப்பலின் சிக்னலைப் பிடிக்கிற வேலையில் இருந்த பிலோமினா எங்களுக்கு வகுப்பு எடுத்தாள். மணப்பாறைப் பெண். மைக்கைப் பிடித்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, “பயப்படாதீங்க, எனக்கும் போன மாசம்தான் தெரியும்.”

வகுப்பு வெண்பா எழுதுவதைப் பற்றியது.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் காதர் மைதீன் பாய் இருந்தார். பெரம்பலூர் சாலையில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். அவருடைய மகள் ஷமீமா கப்பலில் செடி வளர்க்கிற பிரிவில் போயிருந்தாள். அவர் எழுந்து கேட்டார், “ஏம்மா, பெத்த பிள்ளைகிட்ட நாலு வார்த்த பேசுறதுக்கு நான் இலக்கணம் படிக்கணுமா?”

“படிக்கத்தான் வேணும் பாய்” என்றாள் பிலோமினா. “நம்மகிட்ட பெரிய மிஷின் இருக்கு, கரண்ட் இருக்கு. நாம அனுப்பறது அவங்களுக்குத் தெளிவாப் போயிடும். அவங்க அங்கேயிருந்து ஒரு குண்டு பல்பு எரியற கரண்ட்ல பேசணும். வர்ற வழியிலேயே பாதி எழுத்து உதிர்ந்துடும். பேச்சா அனுப்பினா, போன எழுத்து போனதுதான். பாட்டா அனுப்பினா மீட்டுடலாம்.”

“அதெப்படி?”

“வெண்பாவில ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்து வீட்டுக்காரன் சாட்சி பாய். முதல் அடியில ரெண்டாவது எழுத்து என்னவோ, அதேதான் அடுத்த அடியிலயும் ரெண்டாவதா வரும். அது எதுகை. ஒண்ணு அழிஞ்சாலும் இன்னொண்ணு காட்டிக் கொடுத்துடும். அடி தொடங்கற எழுத்து நடுவுலேயும் திரும்ப வரும், அது மோனை. ஒரு சீர் எப்படி முடியுதோ அதை வச்சுத்தான் அடுத்த சீர் தொடங்கணும், அது தளை. இத்தனை கட்டு இருக்கிறதால, விட்டுப்போன எழுத்து எதுன்னு எங்க மிஷின் கண்டுபிடிச்சு நிரப்பிடும். நம்ம பாட்டைப் பார்த்துத்தான் அவங்க பதில் பாட்டையும் அது ஊகிக்கும், அதனால நாமளும் பாட்டாத்தான் அனுப்பணும்.”

“கட்டு இருந்தா, ஓடிப்போனதையும் பிடிச்சாந்து கட்டிடலாம்ங்கற.”

“அதேதான் பாய்!”

அன்று முழுக்க அசை பிரித்தோம். தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். தேமாங்காய் ஆகும், தேமாங்கனி ஆகாது. வெண்பாவுக்குள் காய்ச்சீர் வரலாம், கனிச்சீர் வரவே கூடாது. “பழத்து மேல அப்படி என்ன கோவம் இந்த இலக்கணத்துக்கு?” என்று பாய் முணுமுணுத்தார். மண்டபமே சிரித்தது. கப்பலிலும் அதே நேரத்தில் இதே வகுப்பு நடந்துகொண்டிருந்ததாம். போர்வெல் போடும் மருதையன் கைவிரலை மடக்கி மடக்கி நேர், நிரை எண்ணுவதை நினைத்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது சிரிப்பால் மட்டும் இல்லை.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. அந்தாதி. அவர் எந்தச் சொல்லில் முடிக்கிறாரோ அந்தச் சொல்லில் நான் தொடங்க வேண்டும். நான் முடித்த சொல்லில் அவர் தொடங்குவார். அப்படித் தொடங்கினால், முன்னால் அனுப்பியது போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். ரசீது தனியாக வேண்டாம்.

மருதையன் தானாக ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டார். வெண்பாவின் இரண்டாம் அடி முடிவில் ஒரு கோடு போட்டு, அதற்கப்பால் ஒரே ஒரு சீர் தனியாக நிற்கும். அது தனிச்சீர். அந்த இடத்தில் என் பெயரைத்தான் வைப்பேன் என்று பிடிவாதம். அதில் என்ன கஷ்டம் என்றால், தனிச்சீர் அதற்கு முன்னால் உள்ள இரண்டு அடிகளோடும் எதுகையில் சேர வேண்டும். அஞ்சுகத்தோடு எது சேரும்? கஞ்சி, பஞ்சு, இஞ்சி, வஞ்சி. என் புருஷன் எனக்கு எழுதியதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் பாதி மளிகைக் கடையாக இருக்கும்.

பெயரை மாற்றி வைத்துக்கொள்ளவா என்று நான் கேலியாக எழுதினேன். கேட்கவில்லை. அதனால் நான் வழிவிட ஆரம்பித்தேன். ஒவ்வொரு முறையும் என் வெண்பாவை அவருக்குத் தோதாக ஒரு சொல்லில் முடிப்பேன். நெஞ்சு, மஞ்சு, பிஞ்சு, பஞ்சு. அந்தாதிப்படி அதில் தொடங்கினால் போதும், எதுகை தானாக அமைந்துவிடும், என் பெயர் அதன் இடத்தில் போய் உட்காரும். ஒரு சண்டையின்போது ‘நஞ்சு’ என்று முடித்தேன். அதையும் எடுத்துக்கொண்டு, நஞ்சென்றாலும் நீ கொடுத்தால் குடிப்பேன் என்று எழுதி என்னைத் தோற்கடித்தார்.

எல்லோருக்கும் இப்படி விளையாட்டாகப் போகவில்லை. பாயின் மனைவி காய்ச்சலில் இறந்தபோது அவருக்கு ஒரு சீர்கூட எழுத வரவில்லை. கடையில் கம்பிச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “உங்கம்மா போயிட்டாங்கன்னு சொல்லணும் டாக்டரம்மா. அதுக்கு எதுகை எது?” என்று கேட்டார். நான்தான் எழுதிக் கொடுத்தேன். தளை தட்டாத, மோனை பிசகாத நல்ல வெண்பா. ஒரு பெண்ணுக்குத் தாய் செத்த செய்தி அவ்வளவு கச்சிதமாகப் போயிருக்க வேண்டாம். 

எழுத்தை மீட்கிற மிஷினுக்கு நாங்கள் ‘நிரப்பி’ என்று பெயர் வைத்திருந்தோம். ஆரம்பத்தில் அது நிரப்பிய எழுத்துகளைச் சாம்பல் நிறத்திலும், உண்மையாக வந்த எழுத்துகளைக் கறுப்பிலும் காட்டினார்கள். கப்பல் தள்ளிப் போகப் போகச் சாம்பல் கூடிக்கொண்டே வந்தது. பிள்ளையின் கடிதத்தில் ஓட்டை ஓட்டையாகப் பார்க்கச் சகிக்கவில்லை என்று குடும்பத்தார் எல்லோரும் மனுக் கொடுத்தோம். அதன்பிறகு எல்லா எழுத்தும் ஒரே கறுப்பில் வந்தன. நானும்தான் கையெழுத்துப் போட்டேன். நிம்மதியாகத்தான் இருந்தது.

தூரம் கூடியதில் வாரக்கணக்கு மாதக்கணக்கு ஆயிற்று, பிறகு வருஷக்கணக்கு ஆயிற்று. ஒரு பங்குனியில் நான் கேட்டால் அடுத்த பங்குனியில் பதில். வருஷம் முழுக்க நோயாளிகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளுக்குள் ஒரு வெண்பாவுக்காக வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்பேன். கட்டிலில் அவர் படுக்கிற பக்கத்தில் துணி மடித்து வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. காலியாக இருந்தால் கை அந்தப் பக்கம் போகிறது.

போன பங்குனியில் இது வந்தது.

நெஞ்சு நினைக்க நிலவும் நினைந்துருகும்
மஞ்சு மறைத்த மதிமுகமே – அஞ்சுகம்
காதலெனும் தீயில் கரையும் மெழுகானேன்
போதுமோ இந்தப் பிறப்பு

கிளினிக்கில் வைத்துத்தான் படித்தேன். முதலில் சிரித்தேன். மதிமுகமா? கல்யாணத்தன்று என்னைப் பார்த்து “வெயில்ல நின்னியா, கறுத்துப்போயிட்ட” என்று சொன்ன ஆள் அவர். மெழுகானேன் என்று எழுதுகிற ஆளா இவர்? கொஞ்ச நேரம் கழித்துத்தான் இன்னொன்று உறைத்தது. பல்லைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்தப் பல்லைக் குறை சொல்லாமல் அவர் ஒரு வெண்பாவும் முடித்ததில்லை. யோசித்தால், அதற்கு முந்தின வருஷத்து வெண்பாவிலும் பல் இல்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் மலைக்குப் போனேன். வழியெல்லாம் மரவள்ளிக் காடு. நிலையத்துக் கேன்டீனில் பிலோமினா டீ வாங்கிக் கொடுத்தாள். நான் டீயைத் தொடவில்லை.

“பிலோ, இதுல அவர் எழுதினது எவ்வளவு, உன் மிஷின் எழுதினது எவ்வளவு?”

அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. “இத்தனை வருஷத்துல யாரும் கேட்கலையேக்கா” என்றாள்.

“நான் கேக்கறேன்.”

“முந்தின வருஷம் பாதிக்கு மேல நிரப்பினதுதான். முடிச்ச சொல்லும் நிரப்பினதுதான். இந்த வருஷம்…” என்று நிறுத்தினாள். “இந்த வருஷம் உங்க பேரு மட்டும்தான் வந்துச்சு. மிச்சம் எல்லாம் அதுவா கட்டினது.”

“பேரு வந்துச்சுல்ல? அப்ப அவர் இருக்காரு.”

“அப்படிச் சொல்லிட முடியாதுக்கா. வெறும் இரைச்சல்லகூட எழுத்து தெரியும். மேகத்துல யானை தெரியற மாதிரி. தனிச்சீர்ல உங்க பேருதான் வரும்னு நிரப்பிக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. அது எதிர்பார்க்கிறது அதுக்குக் கிடைச்சுடும்.”

“வந்த சத்தத்தை அப்படியே எனக்குக் காட்டு.”

“இல்லைக்கா. நடுவுல தூசி மேகத்துல பட்டு ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். அதை எதிரொலின்னு நிரப்பி கழிச்சுடும். கழிச்சது அன்னிக்குச் சாயங்காலமே அழிஞ்சிடும். வச்சுக்க இடம் கிடையாது.”

டீ ஆறி ஆடை படிந்திருந்தது. எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது. அந்த மனுஷர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா? இல்லாத ஒருவரின் பெயரில் ஒரு மிஷின் எனக்குக் காதல் வெண்பா எழுதிக்கொண்டிருக்கிறதா?

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. நான் அனுப்புவது அவருக்குத் தெளிவாகப் போகிறது. உயிரோடு இருந்தால், முந்தின வருஷம் அவர் முடிக்காத சொல்லில் நான் தொடங்கியதை அவர் பார்த்திருப்பார். தான் எழுதியது எனக்கு வந்து சேரவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டு அங்கே என்ன செய்திருப்பார்? திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அதே நினைப்பு.

பாயிடம் சொன்னேன். அவருக்கும் அந்த மாதம் ஷமீமாவிடமிருந்து அருமையான வெண்பா வந்திருந்தது. கடையில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை மோட்டாரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“என் மவ நல்லா எழுதப் பழகிட்டான்னு நினைச்சிக்கிட்டிருக்கேன் டாக்டரம்மா” என்றார். “அப்படியே இருந்துட்டுப் போவட்டும். எனக்கு வேணாம்.”

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் செய்ய நினைத்தது எளிது. நாங்கள் அனுப்புவதையெல்லாம் நிரப்பியும் படிக்கும்; அதற்குத் தெரியாத ஒரு சொல்லில் என் வெண்பாவை முடிக்க வேண்டும். அடுத்த பங்குனியில் வருகிற பதில் அந்தச் சொல்லில் தொடங்கினால் அது அவர். வேறு சொல்லில் தொடங்கினால் அது மிஷின். பிலோமினா ரொம்ப நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு, “நிரப்பி படிக்கிறதுக்கு ஒண்ணு எழுதிக் கொடுங்க. நிஜமா அனுப்பறதை நான் தனியா அனுப்பறேன். மேல தெரிஞ்சா என் வேலை போயிடும்” என்றாள்.

மிஷினுக்காக எழுதிய வெண்பாவில் நிலா, தென்றல், குயில் எல்லாவற்றையும் போட்டு ‘நெஞ்சு’ என்று முடித்தேன். சந்தோஷப்படட்டும். ‘பிறப்பு’ அவர் முடித்த சொல் இல்லை என்பதால் அதில் தொடங்காமல் அவருக்கு எழுதியது இது.

மெழுகானேன் என்றெழுதும் மேதாவி யாரோ
புழுதியில் நின்றவரா நேற்று – எழுதியது
சொல்லுங்கள் என்னிடம் சுற்றி வளைக்காமல்
நல்லபடி உள்ளதா பல்

எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. ‘பல்’ என்று தொடங்கினால் எதுகை மாறிவிடும். அஞ்சுகம் அங்கே சேராது. அவர் உயிரோடு இருந்தால் வருகிற வெண்பாவில் என் பெயர் இருக்காது. என் பெயர் இருந்தால் அவர் இல்லை. என் பெயரே இல்லாத ஒரு கடிதத்துக்காக அந்த வருஷம் முழுக்க ஏங்கினேன். சாமி கும்பிடும்போதுகூட என் பெயர் வரக்கூடாது தாயே என்றுதான் வேண்டினேன்.

பங்குனியில் எங்கள் குடும்பத்துக்குச் செய்தி வரும் நாள் வந்தது. மத்தியான வெயிலில் மலையே வறண்டு கிடந்தது. நிலையத்தில் பிலோமினாவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வேண்டாம் என்று சொன்ன பாயும் எனக்கு முன்பே வந்து வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

நிரப்பி முதல் அடியைக் காட்டியது.

நெஞ்சு மறக்குமோ நீள்விசும்பு சென்றாலும்

அதற்குக் கீழே, கோட்டுக்கு அப்பால், அஞ்சுகம்.

பிலோமினா என் கையைப் பிடித்தாள். நான் அழவில்லை.  கட்டிலில் இனிமேல் துணியை மடித்து வைக்க வேண்டியதில்லை, அப்படியே போட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. துக்கத்தில் மனசு எவ்வளவு அற்பமாக ஓடுகிறது! திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க என் பெயர் உறுத்தியது.

“இதுல வந்த எழுத்து எது, நிரப்பினது எது?”

“போன தடவை மாதிரியேதான்க்கா. உங்க பேரு மட்டும்.”

“ஒரு எழுத்துகூடக் கெடாமலா?”

“ஆமா, முழுசா.”

“பிலோ, பாதி எழுத்து வழியிலேயே உதிர்ந்துடும்னு நீதானே சொன்ன? மத்ததெல்லாம் உதிருது, என் பேரு மட்டும் எப்படி வருஷா வருஷம் முழுசா வருது?”

 மறுபடி திரையைப் பார்த்தாள். “ஒரு தடவை மட்டும் அனுப்பியிருந்தா வராது” என்று மெதுவாகச் சொன்னாள்.

“எதிரொலின்னு கழிச்சது எங்க?”

சாயங்காலம் ஆகவில்லை, இன்னும் அழிந்திருக்காது. கழித்துத் தள்ளியதையெல்லாம் திறந்தாள். திரை நிறைய எழுத்துகள், இடையிடையே வெற்றிடங்கள். ‘…லிக்குது அஞ்…கம்’ என்று ஓரிடத்தில். ‘பல்வ…குது …ஞ்சுகம்’ என்று இன்னோரிடத்தில். இறங்கிக்கொண்டே போனாள். ஒன்றில் விட்டது அடுத்ததில் இருந்தது. வரிக்கு வரி, பக்கத்துக்குப் பக்கம், ஒரே இடத்தில் துளை போடுகிற மாதிரி அதே ஒன்று.

பல்வலிக்குது அஞ்சுகம்
பல்வலிக்குது அஞ்சுகம்
பல்வலிக்குது அஞ்சுகம்

“இது வெண்பா இல்லையேக்கா” என்றாள் பிலோமினா.  “பல்வலிக்குது. நேர் நிரை நிரை. கூவிளங்கனி. கனிச்சீர் வரக்கூடாதுன்னு நிரப்பி தள்ளிடுச்சு. திரும்பத் திரும்ப வந்ததுக்கு எதிரொலின்னு பேரு வச்சு உங்க பேரை மட்டும் ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிட்டுச்சு. அப்ப போன வருஷமும்…”

போன வருஷமும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார். தன் சொல் எனக்கு எட்டவில்லை என்று தெரிந்ததும் வெண்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, கிடைத்த கரண்டையெல்லாம் போட்டு என் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். இங்கே ஒரு மிஷின் அதைத் திருத்தி எனக்கு மெழுகுவர்த்தி கொடுத்திருக்கிறது. இந்த முறை நான் கேட்ட பல்லில் தொடங்கினார். என் பெயரையும் விடவில்லை. எதுகையாவது, மண்ணாவது!

நான் சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன். பிறகு நாற்காலியில் இருந்தபடியே குழந்தை மாதிரி அழுதேன். வலிக்கிறதாம். உயிரோடு இருக்கிறவனுக்குத்தானே பல் வலிக்கும்.

பாய் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். கப்பலில் ஒருவர் பேசுகிறார் என்றால் கப்பல் இருக்கிறது. கப்பல் இருந்தால்? அவர் உள்ளே வந்தார். 

“அடுத்த வாரம் என் மவளோட நாளு” என்றார். “அந்த நிரப்பியை அணைச்சுப் போட்டுரும்மா. ஓட்டையா வந்தாலும் பரவாயில்ல. அவ சொல்றது என்னவோ அது வரட்டும்.”

பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

அவர் முடித்த சொல் அஞ்சுகம். அந்தாதிப்படி நான் என் பெயரில்தான் தொடங்க வேண்டும். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். விரல் மடக்கவில்லை, அசை பிரிக்கவில்லை.

“அஞ்சுகம்தான் பேசுறேன். நீங்க கூப்பிட்டது கேட்டுச்சு. எந்தப் பல்லு, நான் அடைச்சதா, வேறயா?”

பதில் வர அடுத்த பங்குனி ஆகும். மலையிலிருந்து இறங்கும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து சமயபுரத்தாளை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். எந்தப் பல் மருத்துவரும் அப்படி வேண்டியிருக்க மாட்டார். அதுவரைக்கும் அந்தப் பல் வலித்துக்கொண்டே இருக்க வேண்டும் தாயே என்று வேண்டிக்கொண்டேன்.